எழுபதாயிரம் பேர் என்றார்கள்

(கிளிநொச்சியில் நடந்த தொழிலாளர் வகுப்பில் ஆற்றிய உரை)



பிரசாரம் என்றவுடன் தேர்தல் ஒலிபெருக்கிதான் நினைவுக்கு வரும். நான் அதைப் பற்றிப் பேச வரவில்லை. சத்தம் போடுகிறவனை நாம் லேசில் நம்புவதில்லை. சத்தமில்லாமல் ஒரு சொல்லையோ ஒரு தொகையையோ நம் வாயிலேயே வைத்துவிடுவார்களே, அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

‘கள்ளத்தோணி’ என்ற சொல்லை எடுங்கள். நம் பாட்டன்மாரைக் கங்காணியை அனுப்பிக் கூட்டி வந்தவர்கள் துரைமார். 1948 குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு லட்சம் பேரை நாடற்றவராக்கியது. அந்த அநியாயத்துக்கு இந்தச் சொல் போர்வையானது. கள்ளமாக வந்தவனுக்கு என்ன வாக்குரிமை என்று கேட்டால் எதிரே நிற்பவன் வாயடைத்துப் போவான். 1977 கலவரத்துக்குப் பிறகு தருமபுரம் பக்கம் வந்து காடு வெட்டிய என் அப்பாவுக்கு இங்கே ‘தோட்டக்காட்டான்’ என்ற பெயர் காத்திருந்தது. அப்படிச் சொன்னவர்கள் சிங்களவர்கள் அல்ல.

இனித் தொகைக்கு வருவோம். 2009 தொடக்கத்தில் வன்னிக்குள் இருப்பது எழுபதாயிரம், மிஞ்சினால் ஒரு லட்சம் பேர் என்றது அரசாங்கம். இங்கே கடமையில் இருந்த அரச உத்தியோகத்தர்களோ மூன்று லட்சத்துக்கு மேல் என்று கணக்குக் கொடுத்தார்கள். போர் முடிந்தபோது முகாம்களில் இருந்தவர்கள் மட்டும் ஏறத்தாழ 2,80,000 பேர். ஆள் தொகையைக் குறைத்துச் சொன்னால் அனுப்பவேண்டிய அரிசியும் பால்மாவும் மருந்தும் குறையும். கஞ்சி வரிசையில் பிள்ளையோடு நின்ற தாய்மார் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள்; உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வேண்டுமென்றே குறைத்துச் சொன்னார்கள் என்று 2011இல் ஐ.நா. நிபுணர் குழு எழுதியது.

அந்தப் போருக்கு வைத்த பெயர் ‘மனிதாபிமான நடவடிக்கை’. முட்கம்பி அடித்த மெனிக் பாம் ‘நலன்புரிக் கிராமம்’.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். மக்கள் விரும்பித்தான் எங்களோடு நிற்கிறார்கள் என்றார்கள் புலிகள். வெளியேற முயன்றவர்களை அவர்கள் சுட்டதையும் அதே ஐ.நா. அறிக்கை பதிவு செய்திருக்கிறது. நம் பக்கத்துப் பொய் என்று இதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

மலையகத்திலிருந்து வந்திருக்கும் தோழர்களுக்கு ஒன்று. 2021இல் ‘ஆயிரம் ரூபா கிடைத்துவிட்டது’ என்று பட்டாசு கொளுத்தினோம். வர்த்தமானியில் இருந்தது நாட்சம்பளம் 900, படி 100. நாளுக்கு எத்தனை கிலோ கொழுந்து, மாதத்துக்கு எத்தனை நாள் வேலை என்பது தலைப்புச் செய்தியில் இல்லை. பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டினார்கள், வேலைநாளைக் குறைத்தார்கள். ஆயிரம் என்பது பொய்யில்லை, பாதி உண்மை. பொய்யைப் பிடிக்கலாம், பாதி உண்மையைப் பிடிக்கத்தான் கணக்கு வேண்டும்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது போன மாதச் சம்பளச் சீட்டையும், சம்பளத்தைப் பற்றி வந்த ஒரு பத்திரிகைத் துண்டையும் கொண்டு வாருங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிப்போம்.