அக்கியும் அம்மையும்: ஒரு மரபணுவின் மாறாமையும் வெளிப்பாடும்



என் இளமை கிள்ளானை அடுத்த ஒரு தோட்டத்தில் கழிந்தது. ஒருமுறை பாட்டியின் விலாவில் அக்கி கொப்பளித்தது. குயவர் ஒருவரை அழைத்துவந்து காவி குழைத்து எழுதுவித்தனர். இரண்டு வாரம் கழித்து எனக்குச் சின்னம்மை கண்டது. வாசலில் வேப்பிலை செருகினர். இரண்டுக்கும் உறவு உண்டென்று வீட்டில் எவரும் கருதவில்லை. தமிழும் அவற்றுக்கு வெவ்வேறு பெயர்களையே தந்திருந்தது.

அக்கி கண்ட பெரியோர் உள்ள வீடுகளில் குழந்தைகளுக்கு அம்மை வருவதைப் புடாபெஸ்ட் மருத்துவர் போக்காய் 1892இலேயே கண்டார். இரண்டையும் விளைவிப்பது மனித ஹெர்பிஸ் வைரஸ் 3. அம்மை ஆறியபின்னும் அது உடலை விட்டு அகல்வதில்லை. நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டு தங்கி, முதுமையில் அக்கியாகத் திரும்புகிறது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாலை வகுப்பில் மாணவி ஒருவர் கேட்டார்: "ஐயா, வைரஸின் மரபணு உடலில் இருந்தால் நோயும் இருக்கத்தானே வேண்டும்?" கேள்வி நியாயமானது. குறை நம் கலைச்சொல் விளக்கத்தில் இருந்தது. 'வெளிப்பாடு' என்று எழுதிவிட்டு, எது வெளிப்படுகிறது, எது வெளிப்படுத்துகிறது என்பதை நாம் சொல்வதில்லை. தன்வினையும் பிறவினையும் தமிழில் தெளிவாகவே பிரிந்து நிற்கின்றன. மரபணு வெளிப்படுகிறது, அதனை வெளிப்படுத்துவது செல். செல் அதைப் படித்துப் புரதமாக்காதவரை மரபணு அகராதியில் கிடக்கும் வினையடியைப் போன்றதே.

இவ்வைரஸின் 68ஆம் மரபணுவைப் பாருங்கள். அது 623 அமினோ அமிலங்கள் கொண்ட 'கிளைக்கோபுரதம் இ' என்னும் புரதத்துக்குரியது. வைரஸ் உறங்கும் காலத்தில் மிகச் சில மரபணுக்களின் படிகளே நரம்பு முடிச்சில் காணப்படுகின்றன. அவற்றுள் ஒன்று 2018இல்தான் அறிவிக்கப்பட்டது. விழித்தெழுந்தபின்னரோ, தொற்றிய செல்லின் மேற்பரப்பில் மிகுதியாகக் காணப்படும் வைரஸ் புரதம் இதுவே.

இனி, 'பேணப்பட்ட மரபணு' என்னும் வழக்கு. இதனை நான் விரும்புவதில்லை. பேணுவதற்கு ஒருவர் வேண்டும், இங்கே எவருமில்லை. மாறியவற்றுள் பல பிழைக்கவில்லை, மாறாதவை எஞ்சின, அவ்வளவே. 'மாறாமை' என்பது போதும். மொழியிலும் இதன் சாயல் உண்டு. 'கண்' என்னும் சொல் தென்கோடித் தமிழிலிருந்து பலுசிஸ்தானத்துப் பிராகுயி வரை அடையாளம் தெரியும்படி நிற்கிறது. ஆனால் இந்த ஒப்புமையை நீட்டக்கூடாது. 'கண்' திரிந்தாலும் பேசுவோர் மாள்வதில்லை.

மாறாமை முழுமையானதும் அன்று. அமெரிக்காவின் மினசோட்டாவில் கிடைத்த ஒரு வைரஸில் இப்புரதத்தின் 150ஆம் இடத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியிருந்ததை 1998இல் வெளியிட்டனர். அது செல்லுக்குச் செல் விரைந்து பரவியது. எனினும் உலகெங்கும் கிடைக்கும் வைரஸ்களில் இப்புரதம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. மாறாமலும் மிகுந்தும் இருப்பதால்தான் தடுப்பூசிக்கு இதனைத் தேர்ந்தனர். அவ்வூசியில் வைரஸ் இல்லை. இப்புரதமும் துணைப்பொருளும் மட்டுமே உள்ளன. ஐம்பது வயது கடந்தோரிடம் நடந்த பெரும் ஆய்வில் அது அக்கியை 97 விழுக்காடு தடுத்ததாக 2015இல் அறிவித்தனர்.

வீட்டில் ஒருவருக்கு அக்கி கண்டால், அம்மை காணாத குழந்தைகளும் கருவுற்ற மகளிரும் அக்கொப்பளங்களைத் தொடலாகாது. எங்கள் வீட்டில் இதைச் சொல்ல ஆளில்லை. அன்று பாட்டியின் அருகில் படுத்துறங்கிய எனக்கும் இப்போது அறுபது கடந்துவிட்டது. ஊசியைப் பற்றி மருத்துவரிடம் கேட்டிருக்கிறேன்.