முற்றுப்பெறாப் பின்னல்கள்

(மகளிர் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழாசிரியை ஒருத்தியைப் பேச அழைத்தால் சிந்தாமணியோ நீலகேசியோ எடுத்துக்கொள்வாள் என்று எண்ணி வந்திருப்பீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் கம்பளி நூலும் இரண்டு ஊசிகளும்தாம். ஆயினும் தமிழை அறவே விட்டுவிட மாட்டேன், விடவும் இயலாது. ‘நூல்’ என்னும் சொல்லே நம்மை விடாது.

பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நூலுக்கு அப்பெயர் வந்த காரணத்தை ஓர் உருவகத்தால் விளக்குகிறார். சொற்களைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயை அவள் கையாகவும், அவன் அறிவை அவள் பிடித்த கதிராகவும் அமைத்துக் காட்டுகிறார். வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் எனக்கு ஒரு வியப்புத் தோன்றும். துறவு பூண்ட முனிவர் ஒருவர், இலக்கணம் சொல்லப் புகுந்த இடத்தில், திண்ணையில் அமர்ந்து நூற்கும் பெண்ணை நினைத்துக்கொண்டாரே என்பதே அது. அவள் கையையும் கதிரையும் அவர் உற்று நோக்கியிருக்க வேண்டும்.

நூற்பது ஒரு தொழில், நெய்வது மற்றொன்று, பின்னுவது மூன்றாவது. நெசவில் பாவு என்றும் ஊடை என்றும் இருவகை நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும். பின்னலிலோ ஒரே நூல்தான். அது வளையமாகி, அவ்வளையத்தினூடே மற்றொரு வளையமாகி, வரிசை வரிசையாக மேலேறும். ஊசியில் நிற்கும் ஒவ்வொரு வளையத்தையும் கண்ணி என்கிறோம். நமக்கும் கம்பளிப் பின்னலுக்கும் என்ன தொடர்பு, வந்தவாசி வெயிலில் ஸ்வெட்டர் எதற்கு என்று ஆடவர் சிலர் நகைப்பதுண்டு. அவர்கள் அணிந்திருக்கும் பனியனைச் சற்று இழுத்துப் பார்க்கட்டும். இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும் அத்துணி திருப்பூரில் எந்திரம் பின்னிய பின்னலே. பின்னலாடை என்று நாம் வழங்கும் சொல் பொருளறிந்து இட்ட பெயர்.

கம்பளி வேண்டா என்று கருதுவோரும் இங்கு இருக்கக்கூடும். அவர்களுக்கு ஒரு செய்தி. உலகில் இன்று கிடைக்கும் மிகப் பழைய ஊசிப்பின்னல்களுள் எகிப்து நாட்டுக் காலுறைகள் சில உள்ளன. 11ஆம் நூற்றாண்டுக்கும் 14ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்பர். அவை வெள்ளையும் நீலமுமான பருத்தி நூலால் பின்னப்பட்டவை. ஆகவே பருத்தியால் பின்னுவது பிற்காலத்துச் சமாதானமன்று, தொன்மையான வழக்கு.

இனி, சொல்ல வந்ததற்கு வருகிறேன். இவ்வாண்டு தீபாவளிக்கு எங்கள் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கடைப்பொருள் வேண்டா, கையால் செய்ததையே தருவோம் என்று பெண்டிர் கூடி முடிவு செய்தோம். பிள்ளைகள் பதினொருவர். அவர்களுள் நால்வர் பனி பெய்யும் நாடுகளில் வாழ்கிறார்கள். அவர்களுக்கான பொதிகள் முன்கூட்டியே அஞ்சலில் சென்றாக வேண்டும். ஊசி தேடிப் பரண்மீதிருந்த இரும்புப் பெட்டியை இறக்கினோம். ஊசிகள் கிடைத்தன. ஆனால் அவற்றுள் நான்கு இணைகளில் ஏற்கெனவே பின்னல்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

பாதியில் நின்ற பின்னல் இல்லாத வீடு, பின்னல் தெரிந்தோர் வீடுகளில் ஒன்றுகூட இராது என்றே சொல்வேன். குளிர்நாடுகளில் கிறிஸ்துமஸ் பரிசுக்கென்று கோடையிலேயே பின்னத் தொடங்கும் பெண்டிர் இவற்றுக்கு ஒரு வேடிக்கைப் பெயரே வைத்திருக்கிறார்கள். முடிவுறாப் பொருள் என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘யூ.எஃப்.ஓ.’ என்கிறார்கள். வானில் திரிவதாகச் சொல்லப்படும் பறக்கும் தட்டுக்கும் அதே எழுத்துகள்தாம். எப்போது வந்தது, எங்கிருந்து வந்தது என்று எவருக்கும் தெரியாத பொருள் என்னும் வகையில் பெயர் பொருத்தமே.

இவற்றைக் கண்டதும் பலர் தம்மைத் தாமே சோம்பேறி என்று கடிந்துகொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பின்னல் நின்ற இடத்தைப் பார்த்தால் நின்ற காரணம் தெரியும். கைப்பகுதிக்குக் கண்ணி குறைக்கும் இடத்தில் நின்றிருந்தால் கணக்கு இடறியிருக்கும். வரிசையின் நடுவே நின்றிருந்தால் யாரோ அழைத்திருப்பார்கள்; அடுப்பில் பால் பொங்கியிருக்கும். நூலுருண்டை தீர்ந்த இடத்தில் நின்றிருந்தால் அதே நிறம் கடையில் கிடைத்திராது. குழந்தைக்குத் தொடங்கியது முக்காலில் நின்றிருந்தால் ஐயமே வேண்டா, குழந்தை வளர்ந்துவிட்டது.

பெட்டியில் இருந்த நான்கினுள் ஒன்று நான் தொடங்கிய சாம்பல்நிறச் சால்வை. அதைப் பற்றி நீளப் பேச ஒன்றுமில்லை, பிரித்துவிட்டேன். துணியை வெட்டினால் வெட்டியதுதான். பின்னலைப் பிரித்தால் தொடங்கிய நாளில் இருந்த நூல் முழுவதும் திரும்பக் கைக்கு வந்துவிடும். பிரித்த கம்பளி நூல் சுருள் சுருளாக, நெளிந்து நிற்கும். அப்படியே பின்னினால் கண்ணிகள் மேடும் பள்ளமுமாக அமையும். நாற்காலியின் முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் ஊறவைத்து, பிழியாமல் அமுக்கி நீர் வடித்து, நிழலில் தொங்கவிட வேண்டும். உலர்ந்தபின் நெளிவு நீங்கியிருக்கும். அச்சால்வை இப்போது மூன்று குல்லாய்களாக மாறி அஞ்சலில் சென்றுகொண்டிருக்கிறது.

இரண்டாவது, குழந்தைக்கான ஒற்றைக் காலுறையும் அதன் இணைக்கெனப் போட்ட பன்னிரண்டு வரிசைகளும். ஒன்றை முடித்த களிப்பில் மற்றொன்றைத் தொடங்க மனம் வராமை பின்னுவோர்க்கெல்லாம் பொதுவான இயல்பு. அதை அப்படியே வைத்துவிட்டேன்.

மூன்றாவதுதான் எங்களை ஒரு வாரம் பேசவைத்தது.

அது என் அன்னையார் பின்னியது. தந்தையார் பணி நிமித்தம் உதகமண்டலத்தில் ஆறாண்டுகள் வாழ்ந்த காலத்தில் அண்டை வீட்டாரிடம் அன்னையார் இக்கலையைக் கற்றார். பிற்காலத்தில் தமையனார் தில்லியில் பணியேற்று, அங்கே அவருக்கு மகன் பிறந்தபோது, பேரனுக்கென்று வான்நீல ஸ்வெட்டர் ஒன்றைத் தொடங்கினார். முதுகுப்பகுதி முழுதும் முடிந்தது. முன்பகுதி பாதி வந்தது. அதற்குள் தமையனாருக்குச் சென்னைக்கு மாற்றல் கிடைத்துவிட்டது. சென்னையில் ஸ்வெட்டருக்கு என்ன வேலை? ஊசியோடு பெட்டிக்குள் சென்றது. சில ஆண்டுகளில் அன்னையாரின் விரல்களும் மடங்காமல் போயின. முப்பதாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. எந்தப் பேரனுக்குத் தொடங்கினாரோ அவனுக்கு இப்போது இரண்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள், கனடாவில் வளர்கிறாள். அளவெடுத்தாற்போல் அவளுக்குப் பொருந்தும்.

முடித்து அனுப்பிவிடலாம் என்றேன். அண்ணியார் மறுத்தார்.

“அத்தை கைபட்ட கண்ணிகள் இன்னும் ஊசியிலேயே நிற்கின்றன. நீ அடுத்த வரிசையைப் பின்னிவிட்டால் ஊசியில் உன் கண்ணிகள் அல்லவா நிற்கும்? அத்தை இப்போதுதான் எழுந்து உள்ளே போனதுபோல் இருக்கிறது அம்மா. அது அப்படியே இருக்கட்டும்” என்றார்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. மாமியாரை இறுதிக் காலத்தில் கையில் ஏந்திப் பேணியவர் அவர், நானல்லேன். ஆதலால் உடனே மறுமொழி கூறவில்லை. இரண்டு நாள் கழித்துப் பின்னலை அவர் மடியில் வைத்து ஒன்றைக் காட்டினேன். ஊசியில் நிற்கும் கண்ணிகள்தாம் பின்னலிலேயே காவலற்றவை. ஊசி நழுவினால் அவையே முதலில் அவிழும். ஒன்று அவிழ்ந்தால் அதன் கீழுள்ளது, அதன் கீழுள்ளது என்று அடிவரை ஏணிபோல் இறங்கிவிடும். ஒரு வரிசைக்குக் காப்பு அதன் மேல் பின்னப்படும் அடுத்த வரிசையே. “அண்ணி, அம்மாவின் கண்ணியைப் பெட்டி காப்பாற்றாது. யாராவது அதன்மேல் பின்னினால்தான் அது நிற்கும்” என்றேன்.

அவர் நெடுநேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தார். பின்னர், அத்தை நிறுத்திய இடம் எது என்று பிற்காலத்தில் தெரிய வேண்டுமே என்றார். அதற்கு ஒரு வழியுண்டு. நுணுக்கமான பின்னல் பின்னுவோர், தவறு நேர்ந்தால் அதற்கு மேல் அவிழாமலிருக்க, ஒரு வரிசையின் கண்ணிகளூடே வேறுநிற மெல்லிய நூலைக் கோத்து வைப்பார்கள். வேலை முடிந்ததும் உருவிவிடுவார்கள். அன்னையாரின் இறுதி வரிசையில் சிவப்பு நூலொன்றைக் கோத்தோம். அதை உருவக் கூடாது என்பது அண்ணியார் விதித்த நிபந்தனை. உட்புறமாக அது இன்னும் இருக்கிறது.

தொடர்ந்து பின்னுவது எளிதாக இல்லை. கையெழுத்தைப் போலவே கையிறுக்கமும் ஆளுக்கு ஆள் வேறுபடும். அன்னையாரின் பின்னலில் அளவுகோலை வைத்தால் பத்து சென்டிமீட்டருக்கு 24 கண்ணிகள். அதே நூலில், அதே எண் 9 ஊசியில், எனக்கு 22தான். இரண்டு கண்ணிதானே என்று தோன்றும். 66 கண்ணி கொண்ட அகலத்தில் அவர் பின்னியது இருபத்தேழரை சென்டிமீட்டர். நான் பின்னினால் 30. ஒரே சட்டையின் முன்பக்கத்தில் கீழே ஓர் அகலம், மேலே ஓர் அகலம்! நம் நாட்டில் வழங்கும் பழைய முறையில் எண் கூடக்கூட ஊசி மெலியும். ஆகவே எண் 10 ஊசிக்கு மாறி, சிறு துண்டு ஒன்றைப் பின்னிப் பார்த்து, அவர் அளவுக்கு ஏறக்குறைய வந்தபின்னரே தொடங்கினேன். அப்படியும் உற்று நோக்கினால் அவர் வரிசைகளின் நேர்த்தி என் வரிசைகளில் இல்லை. இருக்கட்டும்.

நூலும் போதவில்லை. எஞ்சியிருந்த உருண்டைகள் முன்பகுதியோடு தீர்ந்தன. சாயத்தில் தோய்க்கும் ஒவ்வொரு தொகுதியும் மற்றதினின்று சிறிதேனும் மாறுபடும். உறைச்சீட்டில் அதற்கென்றே ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். முப்பதாண்டுக்கு முந்தைய நீலத்தை இன்று எந்தக் கடையில் தேடுவது? நெருங்கிய நிறத்தை வாங்கலாம் என்றார்கள் சிலர். நான் இசையவில்லை. சற்றே மாறிய நீலம் கண்ணுக்குப் பிழையாகத் தெரியும். முற்றிலும் வேறான நிறம் வேண்டுமென்றே வைத்ததாகத் தெரியும். கைகள் இரண்டும் மாம்பழ மஞ்சளில் அமைந்தன. அண்ணியாரே தேர்ந்த நிறம் அது.

எடுத்த செயலை முடித்தே தீர வேண்டும் என்று நமக்குச் சிறுவயதிலிருந்து கற்பித்திருக்கிறார்கள். நானும் பல்லாண்டுகள் வகுப்பில் அதையே சொன்னேன், இப்போதும் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பெட்டியில் கிடந்த நான்கிற்கும் ஒரே விதி பொருந்தவில்லை. நன்னூலையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்தையும் தருமாறு சீயகங்கன் வேண்டினான் என்று சிறப்புப்பாயிரம் கூறுகிறது. நம் கையில் இருப்பவை எழுத்தும் சொல்லும் மட்டுமே. ஏனையவை மறைந்தனவா, இயற்றப்படவே இல்லையா என்று அறிஞர்கள் வழக்காடுகிறார்கள். அதற்காக எவரும் நன்னூலைப் பரணில் ஏற்றவில்லை. ஏறத்தாழ 800 ஆண்டுகளாகத் தமிழ்ப் பிள்ளைகள் அவ்விரண்டு அதிகாரங்களில்தான் இலக்கணம் பயின்று வருகிறார்கள்.

கம்பளியைப் பாதுகாப்பது பற்றி இங்குள்ள தாய்மார்கள் சிலர் முன்பே கேட்டீர்கள். அந்து அரிக்கும் என்னும் அச்சம் இயற்கை. அந்துருண்டையிட்டுப் பூச்சியைக் கொல்ல நம் இல்லங்களில் பலர் மனம் ஒப்புவதில்லை, நானும் இடுவதில்லை. வியர்வையும் உணவுக்கறையும் படிந்த கம்பளியையே அந்து விரும்பி நாடும். துவைத்து, நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத பெட்டியில் வைத்து, ஆண்டுக்கு இருமுறை எடுத்து உதறி வெயிலில் விரித்தால் பூச்சி வந்து முட்டையிடவே இடமிராது. உயிர் தோன்றிய பின் என்ன செய்வது என்று கலங்குவதைவிட, தோன்றாமல் காப்பது எளிது. செயற்கை இழையாயின் அந்துக்கு அதில் நாட்டமே இல்லை.

நான்காவதைச் சொல்லவில்லையே என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்கிறது. அது ஒரு மஃப்ளர். இரண்டு சாண் நீளம் வந்திருக்கிறது. எளிய பின்னல், எல்லா வரிசையும் ஒரே மாதிரி. அதை நான் முடிக்கவும் இல்லை, பிரிக்கவும் இல்லை. பன்னிரண்டு வயதாகும் என் பெயர்த்திக்குத் தீபாவளிப் பரிசாக, ஊசியோடும் எஞ்சிய நூலோடும் அப்படியே கொடுக்கப்போகிறேன். முதல் வரிசைக்குக் கண்ணி ஏற்றுவதுதான் கற்போர்க்குக் கடினம். அது அங்கே முன்பே முடிந்திருக்கிறது.

விழாக்கழிந்து, ஞாயிறு பிற்பகல்களில் என் இல்லத்தில் கற்றுத்தர இசைந்திருக்கிறேன். வருவோர் எண் 8 ஊசி ஓரிணையும், சற்றுத் தடித்த நூல் ஓர் உருண்டையும் கொண்டுவந்தால் போதும். வெளிர்நிறமாக வாங்குங்கள். கறுப்பு வேண்டா, கண்ணி கண்ணுக்குத் தெரியாது.