ஊரிழந்த குடும்பங்கள்: வட இலங்கை முஸ்லிம்களின் இடப்பெயர்வு

(விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



போரினாலோ கலவரத்தினாலோ ஊரைவிட்டு ஓடிவந்தவர் எவராயினும் அவரை 'அகதி' என்ற ஒரே சொல்லால் குறிப்பது தமிழர் வழக்கம். சட்டம் அவ்வாறு குறிப்பதில்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, தன் நாட்டின் எல்லையைக் கடந்து வெளியே நிற்பவரை மட்டுமே அகதி என்று கொள்கிறது. எல்லையைக் கடவாமல், சொந்த நாட்டிற்குள்ளேயே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குத் துரத்தப்பட்டவர் அந்த உடன்படிக்கையின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அவர் 'உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்'. அவரைக் காக்கும் பொறுப்பு அவர் நாட்டு அரசுக்கே உரியது என்பர். அந்த அரசு காக்கவில்லை என்பதனால்தான் அவர் ஓடினார் என்பதை நினைத்தால், இந்த ஏற்பாட்டின் குறை எளிதில் விளங்கும். சூடான் நாட்டு அறிஞர் பிரான்சிஸ் டெங் முன்னின்று உருவாக்கிய 30 வழிகாட்டு நெறிகள் 1998இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை ஆணையத்தின்முன் வைக்கப்பட்டன. அவை நல்ல நெறிகள். ஆயினும் எந்த அரசையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அல்ல.

இத்தகைய குடும்பங்கள் உலகெங்கும் உள்ளன. அவற்றுள், தமிழையே வீட்டு மொழியாகக் கொண்ட ஒரு மக்கட்கூட்டத்தின் வரலாறு தமிழ்நாட்டில் அதிகம் பேசப்படவில்லை. 1990 அக்டோபரில் வட இலங்கையிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் வரலாறே அது.

அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டது. ஆகஸ்ட் 3ஆம் நாள் கிழக்கே காத்தான்குடியில், பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சில நாள்களில் ஏறாவூரிலும் அதே கொடுமை நிகழ்ந்தது. புலிகள் தம் பொறுப்பை மறுத்தனர். பெரும்பாலான பதிவுகள் அம்மறுப்பை ஏற்கவில்லை. அதே கிழக்கில் தமிழ்ச் சிற்றூர்களும் ஊர்காவற்படையினரால் தாக்கப்பட்டன என்பதையும் மறைத்தல் கூடாது. ஆனால் வடக்கின் நிலை வேறு. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே சந்தையில் வாங்கி விற்று, ஒருவர் வீட்டு நன்மை தீமைகளில் மற்றவர் கலந்து, பெரிய பூசல் எதுவுமின்றி வாழ்ந்து வந்தனர். கிழக்கில் மூண்ட தீயின் விலையை வடக்கிலிருந்தோர் கொடுக்க நேர்ந்தது.

அக்டோபர் நடுவில் சாவகச்சேரியில் தொடங்கிய வெளியேற்றம், யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய ஐந்து மாவட்டங்களிலும் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த எல்லா ஊர்களுக்கும் பரவியது. அக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாண நகரில் ஒலிபெருக்கி அறிவிப்பு எழுந்தது. சோனகத் தெருப் பகுதி மக்கள் ஒஸ்மானியா கல்லூரியை ஒட்டிய மைதானத்திற்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டு நீங்க வேண்டும் என்று கட்டளையிடப்பட்டனர். உடுத்திய உடைக்கு மேல் என்ன எடுத்துச் செல்லலாம் என்பது ஊருக்கு ஊர் வேறுபட்டது. நகரத்தாருக்கு அனுமதிக்கப்பட்ட தொகை மிகச் சிறிது. சோதனைச் சாவடிகளில் நகையும் பணமும் பறிக்கப்பட்டன. இரண்டு வாரங்களுக்குள் 70,000க்கும் மேற்பட்டோர், ஏறத்தாழ வடக்கின் முஸ்லிம் மக்கள் அனைவரும், தெற்கே சென்றுவிட்டனர். உளவு பார்க்கின்றனர் என்ற ஐயமே காரணமாகப் பேசப்பட்டது. எழுபதாயிரம் பேரில் தொட்டில் குழந்தைகளும் கோல் ஊன்றிய முதியவரும் இருந்தனர் என்பதே அதற்குப் போதிய விடை.

தமிழ் பேசுவோர், தமிழரின் பெயரால், தமிழ்மொழியில் அறிவிக்கப்பட்ட கட்டளையால் ஊரிழந்தனர். இதை மழுப்பிப் பேசுவோர் இன்றும் உளர். ஆனால் அந்நாளிலேயே அதனை மழுப்பாத தமிழரும் இருந்தனர். மன்னாரில் தமிழ்ப் பெரியோர் சிலர் கட்டளையைத் திரும்பப் பெறுமாறு வேண்டினர். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் (யாழ்ப்பாணம்) என்னும் அமைப்பினர், தம் உயிருக்கு அச்சம் சூழ்ந்திருந்த காலத்தில், நடந்ததை நடந்தவாறே பதிவு செய்தனர்.

மன்னார்த் தீவிலிருந்து புறப்பட்டோரில் பெரும்பகுதியினர் படகுகளில் ஏற்றப்பட்டுக் கடல் வழியே கற்பிட்டிக் கரையை அடைந்தனர். அது மழைக்காலம். அதே ஆண்டில், அதே மன்னார்க் கரையிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வடமேற்கே படகேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிவு பெற்றன. ஒரே கடல். இந்தப் பக்கம் வந்தவர் உலகின் கணக்கில் அகதி; தெற்கே சென்றவர் தம் நாட்டின் குடிமகன். எனினும் புத்தளத்தில் உள்ளூர் மக்கள் அவர்களையும் 'அகதிகள்' என்றே அழைத்தனர். அவர்களின் பிள்ளைகளும் அப்பெயரையே பெற்றனர்.

அங்கே அவர்களை முதலில் ஏந்தியது அரசன்று. புத்தளம் மாவட்டத்து முஸ்லிம் மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டனர், சோறு வடித்தனர், தென்னந்தோப்புகளில் கிடுகுக் குடிசை போட இடம் கொடுத்தனர். சில மாதங்கள் என்று எண்ணிச் செய்த உதவி அது. அந்த மாதங்கள் ஆண்டுகளாயின. உப்பளத்திலும் வெங்காயத் தோட்டத்திலும் கூலிக்கு இரண்டு பங்கு ஆட்கள் நின்றபோது கூலி இறங்கியது. வகுப்பறையில் இடம் போதவில்லை. கிணற்றில் நீர் போதவில்லை. முகாம்வாசிகளுக்கு அரசின் உலர் உணவுப் பங்கீடு உண்டு. பக்கத்துக் குடிசையில் அதே வறுமையில் உழலும் உள்ளூர்க் குடும்பத்திற்கு அது இல்லை. ஏந்தியவர்க்கும் ஏந்தப்பட்டவர்க்கும் இடையே கசப்பு வளர்ந்ததில் வியப்பில்லை. நிவாரணம் வகுப்போர் விருந்தளித்த ஊரைக் கணக்கில் எடுக்க மறப்பது பல நாடுகளில் காணப்படும் தவறே. 2007இல் உலக வங்கியின் உதவியுடன் புத்தளத்தில் வீடமைப்புத் திட்டம் வந்தபோதுதான், குடிசை வாழ்வுக்குச் சிறிது சிறிதாக முடிவு பிறந்தது.

இழப்பின் அளவைப் பணத்தால் மட்டும் அறிய முடியாது. வடக்கின் முஸ்லிம் ஊர்கள் பலவற்றில் வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்வது வழக்கம். மணமான பின் கணவன் மனைவியின் வீட்டிற்கு வந்து வாழ்வான். ஆகவே ஊரிழப்பு என்பது பெண்ணின் உடைமையையே முதலில் தாக்கியது. ஆண்டுக்கணக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டிய வீடு போயிற்று. மகளை எதைக் கொடுத்து மணமுடிப்பது என்ற கேள்வியோடு தாய்மார் தோட்டக் கூலிக்குச் சென்றனர். பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியல் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ், தாமும் மன்னார் மாவட்டத்து எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவர். இம்மக்கள் இழந்ததை ஊர் ஊராகக் கணக்கெடுப்பதில் பல ஆண்டுகளைச் செலவிட்டார். 2018இல் அவர் மறைந்தார். மறக்கப்பட்ட மக்கள் என்றே தம் நூலின் தலைப்பில் அவர் இவர்களைக் குறித்தார்.

2002இல் போர்நிறுத்தம் வந்தது. ஏப்ரல் 10ஆம் நாள் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் சந்திப்பில், பிரபாகரன் அருகிருக்க, அன்ரன் பாலசிங்கம் வெளியேற்றத்துக்காக வருத்தம் தெரிவித்தார். தாயகம் முஸ்லிம்களுக்கும் உரியது என்றார். மூன்று நாள் கழித்து முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமுடன் உடன்பாடும் கையெழுத்தாயிற்று. சிலர் திரும்பிச் சென்று பார்த்தனர். கூரையும் கதவும் அற்ற சுவர்களுக்குள் மரங்கள் வளர்ந்திருந்தன. 2006இல் போர் மீண்டும் தொடங்கியது.

2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது, வன்னியிலிருந்து வந்த சுமார் 2,80,000 தமிழ் மக்கள் முகாம்களில் அடைபட்டிருந்தனர். அவர்களின் துயரம் உடனடியானது. உலகின் கவனமும் உதவியும் அவர்களிடம் சென்றது நியாயமே. அதன் விளைவாக, 2008 ஏப்ரலுக்கு முன் இடம்பெயர்ந்தோர் 'பழைய இடம்பெயர்ந்தோர்' என்ற வரிசையில் பின்தள்ளப்பட்டனர். பத்தொன்பது ஆண்டுகள் காத்திருந்ததே அவர்களுக்கு எதிரான காரணமாயிற்று.

நிலச் சிக்கல் அதனினும் கடுமையானது. இலங்கைச் சட்டப்படி, பிறர் நிலத்தைப் பத்து ஆண்டுகள் இடையூறின்றி ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். வழக்காட ஊருக்குள் கால் வைக்கவே முடியாதிருந்தவர்மீது இக்காலக்கணக்கு ஓடியது கொடுமையன்றோ? 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இதைத் திருத்த முயன்றது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தில், ஆயுதக் குழுக்களின் செயலால் உரிமையை நிலைநாட்ட இயலாதிருந்தோர்க்கு அந்தக் காலம் கணக்கில் சேராது என்று அது விதித்தது. ஆனால் வழக்குத் தொடர இரண்டே ஆண்டுத் தவணை. பத்திரம் எரிந்து, எல்லைக் கற்கள் புதைந்து, தந்தையும் இறந்துபோன குடும்பங்களுக்கு அது எவ்வளவு பயன்பட்டிருக்கும்? மன்னாரின் தெற்கே மறிச்சுக்கட்டிப் பகுதியில் மற்றொரு இடர். ஆளில்லா நிலத்தில் காடு வளர்ந்தது. 2012இல் அப்பகுதியை அரசு ஒதுக்கக் காடாக அறிவித்தது. திரும்பி வந்து மரம் வெட்டி வீடு கட்டியோர், காட்டை அழிப்போர் என்று நாளேடுகளில் பழிக்கப்பட்டனர். காடு காக்கப்பட வேண்டியதே. ஆனால் அது எவ்வாறு காடாயிற்று என்பதைக் கேட்டவர் சிலரே.

திரும்பியவர்களும் முழுமையாகத் திரும்பவில்லை. தந்தை யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ கடை திறப்பார். தாயும் பிள்ளைகளும் பள்ளிப் படிப்பை முன்னிட்டுப் புத்தளத்தில் தங்குவர். புத்தளத்தில் பிறந்த பிள்ளைக்கு, பெற்றோர் சொல்லும் ஊர் விடுமுறையில் சென்று பார்க்கும் ஊர். "உன் ஊர் எது?" என்று தமிழில் எவரும் முதலில் கேட்கும் எளிய கேள்விக்கு அப்பிள்ளை இரண்டு பெயர் சொல்ல வேண்டியிருக்கிறது.

இவர்களுள் பலர் வாக்குரிமையை மட்டும் பழைய மாவட்டத்திலேயே வைத்திருந்தனர். 2019 நவம்பர் 16ஆம் நாள் குடியரசுத் தலைவர் தேர்தல். புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்றோரை ஏற்றிய பேருந்து வரிசைமீது வழியில் கல்லெறிந்து துப்பாக்கியாலும் சுட்டனர். சாலையில் டயர்களை எரித்து மறித்தனர். உயிர்ச்சேதம் இல்லை. காவல்துறையினர் வந்து தடையை அகற்றியபின், பேருந்துகள் காவலுடன் மன்னார் சென்றன. அம்மக்கள் வரிசையில் நின்று வாக்களித்தனர்.