துப்பாக்கி சுடும் களத்தில் கண்ட தோழமை

(நம் அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் விழாவில், மாணவர்கள், பெற்றோர் முன்னிலையில் ஆற்றிய உரை)





எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. என் மகன் ஏர் ரைஃபிள் போட்டியில் பதக்கம் வாங்கியதைக் கேள்விப்பட்டு, அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் என்று நிர்வாகிகள் சொன்னார்கள். பதக்கத்தைப் பற்றிப் பேசுவதைவிட, "உன்னை அங்கே அனுப்ப மாட்டேன்" என்று எட்டு மாதம் நான் மறுத்த கதையைச் சொன்னால்தான் உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

பள்ளியிலிருந்து ஒருநாள் ரைஃபிள் கிளப்புக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அன்று முதல் பையனுக்கு அதே பேச்சு. எனக்கோ பயம். குண்டு பட்டுவிடும் என்ற பயம் மட்டுமல்ல. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? "நம் வீட்டுப் பிள்ளை துப்பாக்கி பிடித்தால் ஊர் என்ன நினைக்கும்?" என்ற பயம்தான் பெரிது. இங்கே பலர் தலையசைப்பதைப் பார்க்கிறேன். அவன் அம்மாதான் ஒருநாள், "பிள்ளை எங்கே போகிறான் என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு, அப்புறம் வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்றாள். அதற்காகப் போனேன்.

அங்கே நான் கண்டது வேறு. சத்தமில்லை, ஓட்டமில்லை. 10 மீட்டர் தூரத்தில் ஒரு சிறிய காகித அட்டை. அதன் நடுவில் பத்துப் புள்ளிக்குரிய பொட்டு அரை மில்லிமீட்டர்தான். பேனா முனையால் வைத்த புள்ளி போல இருக்கும். அதை நோக்கி 4.5 மில்லிமீட்டர் ஈய பெல்லட்டைச் சுட வேண்டும். ரைஃபிளின் எடை ஐந்தரை கிலோவரை இருக்கலாம். தடித்த ஜாக்கெட் அணிந்து, நின்றுகொண்டே, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை மெல்ல அழுத்த வேண்டும். பெரிய போட்டிகளில் ஒன்றேகால் மணி நேரத்தில் இப்படி 60 முறை. கோபத்தோடு வந்தவன் அங்கே ஒரு பத்துக்கூட எடுக்க முடியாது. என் மகன் முன்கோபக்காரன். அவனை ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் அமைதியாக நிற்கவைத்த வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

பாதுகாப்பு விதிகளைக் கேட்டபோது இன்னும் ஆச்சரியம். ரைஃபிள் காலியாக இருந்தாலும் குழல் யாரையும் நோக்கித் திரும்பக்கூடாது. சுடாத நேரத்தில் குழலுக்குள் ஒரு வண்ணக் கம்பி செருகியிருக்க வேண்டும். உள்ளே குண்டு இல்லை என்பதற்கு அது அடையாளம். "ஸ்டாப்" என்று குரல் வந்தால் அந்த நொடியே அனைவரும் நிறுத்த வேண்டும். நம் நபி (ஸல்) அவர்கள், அம்போடு பள்ளிவாசலுக்குள் வருபவர் யாரையும் காயப்படுத்தாதபடி அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கட்டளையிட்டார்கள். சகோதரனை நோக்கி ஆயுதத்தைக் காட்டுவதையும் தடுத்தார்கள். நாம் ஹதீஸில் படித்ததை அந்த மக்கள் விதியாக எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார்கள். பையனைச் சேர்த்துவிட்டேன்.

இனி முதல் போட்டிக்கு வருகிறேன். மாவட்ட அணிக்கு மூன்று பேரைத் தேர்வு செய்யும் போட்டி அது. எங்கள் கிளப்பில் அப்போது காகித அட்டைதான். ஒவ்வொரு முறை சுட்டதும் அட்டையைத் தன்னருகே வரவழைத்துப் புதிய அட்டை மாட்டி அனுப்ப வேண்டும். என் மகனுக்குப் பக்கத்து லேனில் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். நான் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்தேன்.

பாதிப் போட்டியில் மகன் அட்டையை வரவழைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். அட்டையில் இரண்டு துளைகள். ஒன்று பத்து, ஒன்று எட்டு. அவன் சுட்டது ஒன்றுதான். கூடுதலாகச் சுட்டால் புள்ளியைக் குறைப்பார்கள். அவன் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு நெஞ்சு அடைத்தது. தொப்பி போட்ட புதுப் பையன், தாடி வைத்த அத்தா. நாங்கள் சொன்னால் யார் நம்புவார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன், எழுந்து மகனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

அதற்குள் பக்கத்துப் பெரியவர் ரைஃபிளைக் கீழே வைத்துவிட்டுக் கையை உயர்த்தினார். நடுவர் வந்தார். "என் அட்டையில் துளையே இல்லை. நான்தான் தவறி இந்தத் தம்பியின் அட்டையில் சுட்டுவிட்டேன். பையன் மேல் தவறில்லை" என்றார். விதிப்படி அவருக்கு அந்தக் குண்டுக்குப் பூஜ்யம். எது யார் சுட்டது என்று பிரித்தறிய முடியாததால், உயர்ந்த புள்ளியான பத்து என் மகனுக்கு. அந்த ஒரு பூஜ்யத்தால் அன்று அணியில் அவருடைய இடம் போனது.

போட்டி முடிந்ததும் மகன் அவரிடம் போய், "ஐயா, அந்த எட்டு என்னுடையதாக இருக்கலாம். பத்து நீங்கள் சுட்டதாக இருக்கும்" என்றான். அவர் சிரித்தார். "நான் இன்றைக்குச் சுட்ட லட்சணத்துக்குப் பத்து என்னுடையதாக இருக்க வாய்ப்பே இல்லை தம்பி" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பாய், பையனைத் தொடர்ந்து அனுப்புங்கள்" என்றார்.

பக்கத்து இலக்கில் சுட்டுவிடும் தவறு பெரிய வீரர்களுக்கும் நேர்ந்ததுண்டு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில், 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியின் இறுதிச் சுற்றில் அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸ் முன்னணியில் இருந்தார். கடைசிக் குண்டைப் பக்கத்து லேனின் இலக்கில் சுட்டுவிட்டார். அதற்குப் பூஜ்யம் கிடைக்கவே, முதலிடத்தில் இருந்தவர் எட்டாம் இடத்துக்குப் போனார். அன்று அவரைத் தேடி வந்து ஆறுதல் சொன்னவர்களில் ஒருவர் செக் நாட்டு ரைஃபிள் வீராங்கனை கேத்ரினா. பின்னாளில் அவர்கள் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

இந்த விளையாட்டில் எதிராளி என்று ஒருவர் எதிரில் நிற்பதில்லை. எல்லோரும் ஒரே வரிசையில், ஒரே திசையைப் பார்த்து நிற்கிறார்கள். என் மகனின் ஜாக்கெட் கொக்கி அறுந்தால் போட்டியாளர்தான் தன்னுடையதைக் கழற்றித் தருகிறார். வெள்ளிக்கிழமை போட்டி என்றால் ஜும்ஆவுக்குப் போக வசதியாக முதல் சுற்றில் நிற்கும்படி யாராவது இடம் மாற்றிக்கொள்கிறார்கள். நாங்கள் கேட்டு அவர்கள் செய்ததில்லை. அந்தப் பெரியவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தபோது, வாரந்தோறும் அவரை என் ஸ்கூட்டரில் கிளப்புக்கு அழைத்துப் போனேன். சுட முடியாவிட்டாலும் பிள்ளைகளின் புள்ளிகளை எழுதிக்கொடுக்க அவர் வந்தார்.

ஸஹீஹுல் புகாரியில் ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அறிவிக்கும் ஒரு செய்தி உண்டு. அஸ்லம் குலத்தார் சிலர் இரு அணிகளாக அம்பெய்து கொண்டிருந்தபோது நபி (ஸல்) அவர்கள் அவ்வழியே வந்தார்கள். அவர்களை இஸ்மாயீல் (அலை) அவர்களின் மக்கள் என்று அழைத்து, உங்கள் தந்தையும் வில்லாளர்தாம் என்று ஊக்கப்படுத்தி, தாம் ஓர் அணியின் பக்கம் இருப்பதாகச் சொன்னார்கள். உடனே மற்ற அணி எய்வதை நிறுத்திவிட்டது. காரணம் கேட்டபோது, தாங்கள் அவர்களோடு இருக்கும்போது நாங்கள் எப்படி எய்வது என்றார்கள். அப்போது நபியவர்கள், தாம் அனைவருடனும் இருப்பதாகக் கூறி எய்யச் சொன்னார்கள். போட்டி நின்றுபோகவுமில்லை, ஒருவர் மனமும் நோகவில்லை. பலமுறை கேட்ட ஹதீஸ்தான். அந்தப் பெரியவர் கையை உயர்த்திய நாளுக்குப் பிறகுதான் எனக்கு அது நன்றாகப் புரிந்தது.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைஃபிளில் இந்தியாவுக்காக ஒலிம்பிக்கில் ஆடினார். மலேசியாவின் நூர் சுரியானி 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக ஏர் ரைஃபிள் போட்டியில் நின்றார். முழுக்கை ஆடையோடு அமைதியாக ஆடக்கூடிய விளையாட்டு இது.

விருப்பமுள்ளவர்கள் முறைப்படி மாவட்ட ரைஃபிள் கிளப்பில் சேருங்கள். பயிற்சி கிளப்பிலேயே நடக்கட்டும். வீட்டு மொட்டைமாடியில் வேண்டாம். பாயிண்ட் டூ டூ ரைஃபிள் என்றால் சட்டப்படி உரிமம் தேவை. பிள்ளைகளே, ரைஃபிளோடு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். பதக்கத்தோடு எடுத்துப் போடுங்கள்.

நல்ல போட்டி ரைஃபிள் லட்சக்கணக்கில் ஆகும். தொடக்கத்தில் கிளப் ரைஃபிளே போதும். ஆனால் ஜாக்கெட்டும் பெல்லட்டும் ஏழைப் பிள்ளைகளுக்குச் சுமை. ஆண்டுக்கு இரண்டு பிள்ளைகளுக்கு அந்தச் செலவை நம் அறக்கட்டளை ஏற்குமா என்று பணிவோடு கேட்கிறேன். முதல் ஜாக்கெட்டை நான் தருகிறேன். என் மகனுக்கு இப்போது அது சின்னதாகிவிட்டது.

நம் பிள்ளைகளை நேர்மையான நல்லோரின் பக்கத்தில் நிற்கச் செய்வானாக, அவர்களையும் பிறருக்கு நல்ல பக்கத்து லேன்காரர்களாக ஆக்குவானாக என்று அல்லாஹ்விடம் துஆச் செய்து முடிக்கிறேன்.