விட்ட இடத்திலிருந்து தொடர்வோம்



வைத்தியர்களுக்கு மீக்கணினியோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். இருதயம்தான் எங்களை அங்கே கொண்டுபோனது. 2012 இல் அமெரிக்காவின் லோரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வுகூடத்தில், செக்கோயா என்ற மீக்கணினிக்குள் ஒரு மனித இருதயத்தைத் துடிக்கவிட்டார்கள். ஏறக்குறையக் கல அளவு நுணுக்கத்தில் அதன் மின்னோட்டம் கணிக்கப்பட்டது. செக்கோயாவில் 98,304 கணுக்கள் இருந்தன. ஒவ்வொரு கணுவும் ஒரு தனிக் கணினி போன்றது.

இத்தனை கணினிகள் சேரும்போது ஒரு சிக்கல் வருகிறது. ஒரு கணினி 5 ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் பழுதாகும் என்று வைத்துக்கொள்வோம். அது நல்ல கணினிதான். ஆனால் அப்படிப்பட்ட 10,000 கணினிகள் ஒரே கணக்கைச் செய்தால், ஏறக்குறைய நான்கரை மணித்தியாலத்துக்கு ஒன்று விழுந்துவிடும். விழுந்ததன் விடைக்காக மற்றவையும் காத்து நிற்கும். ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தால், பல நாள் ஓடவேண்டிய கணக்கு முடியவே முடியாது.

ஆகவே, செய்த கணக்கை இடையிடையே சேமிக்கிறார்கள். அடிக்கடி சேமித்தால் நேரமெல்லாம் அதிலேயே போய்விடும். அரிதாகச் சேமித்தால் இழப்புப் பெரிது. 1974 இல் ஜோன் யங் என்பவர் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார். சேமிக்க எடுக்கும் நேரத்தையும் பழுதுகளுக்கு இடையிலான சராசரி நேரத்தையும் பெருக்கி, இரட்டித்து, வர்க்கமூலம் காணவேண்டும். சேமிக்க 2 நிமிடம், பழுது 900 நிமிடத்துக்கு ஒன்று என்றால், 60 நிமிடத்துக்கு ஒரு முறை சேமிப்பது நல்லது. எங்கள் கணித ரீச்சர் இதைக் கரும்பலகையில் செய்துகாட்டச் சொல்லியிருப்பார்.

எங்கே சேமிப்பது? அதே கணினியில் வைத்தால், அதோடு பிரதியும் போய்விடும். லிவர்மோரில் உருவான ஒரு முறையில், ஒரு கணுவின் பிரதியை இன்னொரு கணு வைத்திருக்கும். இடையிடையே ஒரு பிரதி பொதுக் களஞ்சியத்துக்கும் போகும்.

இதை வாசித்தபோது எங்களுக்கு 1995 ஒக்ரோபர் நினைவுக்கு வந்தது. கடதாசித் தட்டுப்பாட்டிலும் எங்கள் வகுப்பில் விஞ்ஞானக் குறிப்புகளைக் காபன் தாள் வைத்து எழுதி, பிரதியைத் தோழியிடம் கொடுத்துவைப்போம். வலிகாமத்தை விட்டு நடந்த அந்த இரவு மழையில் எங்களில் பலரின் கொப்பிகள் கரைந்துபோயின. கொடிகாமத்தில் ஒரு திண்ணையில், தோழி ஒருத்தியின் துணிப்பைக்குள் இருந்து பிரதிகள் வெளிவந்தன. அவற்றைப் பார்த்து எழுதியே பரீட்சைக்குப் படித்தோம். விட்ட பாடத்திலிருந்து தொடர்ந்தோம்.

ஆனால் எங்கள் பாடசாலையின் பழைய பதிவேடுகளுக்கும் படங்களுக்கும் பிரதி இருக்கவில்லை. எல்லாம் ஒரே அலுமாரியில் இருந்தன. திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லை.

சகோதரிகளே, இந்த நூற்றாண்டில் ஒரு வேலையைச் செய்வோம். எஞ்சிய பதிவுகளையும், உங்கள் வீடுகளில் உள்ள வகுப்புப் படங்களையும் பிரதி எடுப்போம். கொழும்புக் கிளையின் பிரதி இலண்டனிலும், இலண்டனின் பிரதி ரொறன்ரோவிலும், ரொறன்ரோவின் பிரதி மெல்பேணிலும், எல்லாவற்றின் பிரதியும் இங்கேயும் இருக்கட்டும். ஆண்டுக்கொரு முறை திறந்தும் பாருங்கள். திறக்க முடியாத பிரதியால் பயனில்லை.

பழுது வராமல் தடுக்க எங்களால் முடியாது. அடுத்த நூறு ஆண்டுகளைச் சுழியத்திலிருந்து தொடங்காமல் இருக்க முடியும்.