ஒரே திரையில் நாலு கட்டம்: கேம் வீடியோவில் அடையாளம் போட மறக்காதீங்க

(நெல்லித்தோப்பில் இளைஞர்களுக்கான கைப்பேசி வீடியோ பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுட்டு, மார்க்கெட் கூட்டத்தையும் தாண்டி வந்திருக்கீங்க. ரொம்ப நன்றி. பிள்ளைகளோட வந்திருக்கும் பெற்றோருக்கும் நன்றி.

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு கேம் ஆடுறாங்க. அதை நாலு பேர் பார்வையிலும் ஒரே திரையில் காட்டணும். இதைத்தான் இன்னிக்குப் பார்க்கப் போறோம். வேலை சுலபம்தான். ஆனா அதில் ஒரு பொறுப்பும் இருக்கு. அதைக் கடைசியில் சொல்றேன்.

முதல் வேலை பதிவு. ஆண்ட்ராய்டு 11 முதல் ஸ்கிரீன் ரெக்கார்டர் போனிலேயே இருக்கு. மேலிருந்து திரையை இழுத்தா பட்டன் தெரியும். ஐபோனில் கன்ட்ரோல் சென்டரில் இருக்கு. தனியா ஆப் தேடி அலைய வேண்டாம். பதிவைத் தொடங்கும் முன் ‘டு நாட் டிஸ்டர்ப்’ போடுங்க. இல்லேன்னா நடுவில் வர்ற வங்கி ஓடிபியும் வீட்டு மெசேஜும் வீடியோவில் பதிவாகிடும். எடிட் பண்ணும்போது கவனிக்காம விட்டா, அதை ஊரே பார்க்கும்.

அடுத்தது இடம். விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தா நிமிஷத்துக்கு சுமார் 75 எம்பி ஆகும். 10 நிமிஷ ஆட்டத்துக்கு 750 எம்பி. நாலு பேருக்கும் சேர்த்து 3 ஜிபி. இதை ஒருத்தர் போனுக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் வீடியோவா அனுப்பாதீங்க, படம் மங்கிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினா தரம் குறையாது.

இரண்டாவது வேலை நேரம் பொருத்துவது. நாலு போனும் ஒரே விநாடியில் பதிவைத் தொடங்காது. அதனால் நாலு பேருக்கும் பொதுவான ஒரு அடையாளம் வேணும். ஒரே அறையில் இருந்தா மைக்கை ஆன் செய்துட்டு, ஒருத்தர் சத்தமா ஒரு தடவை கை தட்டுங்க. எடிட் பண்ணும்போது அந்தச் சத்தத்தை வைத்து நாலையும் வரிசைப்படுத்தலாம். வேறு வேறு வீட்டில் இருந்தா ஆட்டம் தொடங்கும் கவுன்ட்டவுன் போதும்.

இங்கே நிறைய பேருக்கு ஒரு சிக்கல் வரும். தொடக்கத்தில் சரியா இருந்த வீடியோ, எட்டாவது நிமிஷத்தில் ஒருத்தருக்கு முந்தியும் இன்னொருத்தருக்குப் பிந்தியும் ஓடும். போன் சூடானா விநாடிக்குப் பதிவாகும் ஃபிரேம்களின் எண்ணிக்கை ஏறி இறங்கும். காரணம் அதுதான். கம்ப்யூட்டர் இருந்தா ‘ஹேண்ட்பிரேக்’ என்ற இலவச மென்பொருளில் எல்லாத்தையும் ஒரே சீரான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிடுங்க. போன் மட்டும்தான் இருக்குன்னா, வீடியோவை இரண்டு இரண்டு நிமிஷத் துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டையும் புதுசா பொருத்துங்க.

மூன்றாவது வேலை கட்டம் பிரிப்பது. கைன்மாஸ்டர், விஎன் போன்ற ஆப்களில் ஒரு வீடியோவின் மேல் இன்னொன்றை லேயரா வைக்கலாம். 1920க்கு 1080 திரையை நாலாப் பிரிச்சா, ஒவ்வொரு கட்டமும் 960க்கு 540. போனில் நிமிர்த்திப் பார்க்கும் வீடியோன்னா 1080க்கு 1920. அதில் மேலே ஒண்ணு, கீழே ஒண்ணுன்னு இரண்டு கட்டம் போதும். சின்னத் திரையில் நாலு கட்டம் போட்டா எழுத்தே தெரியாது. முழு வீடியோவையும் நாலு கட்டமா ஓட்டவும் வேண்டாம். முக்கியமான இடத்தில் மட்டும் நாலு, மற்ற நேரம் ஒண்ணு. சத்தம் ஒருத்தருடையது மட்டும் இருக்கட்டும். மற்ற மூன்றையும் மியூட் செய்யுங்க. நண்பர்களின் பேச்சும் பெயரும் வந்தா அவங்க சம்மதம் கேட்டுட்டுப் போடுங்க.

இப்போ பொறுப்புக்கு வர்றேன்.

2025 மே மாசம் எல்லையில் சண்டை நடந்த நாட்கள் நினைவிருக்கும். எங்க தெருவில் ஒரு அக்கா. அவங்க மகன் ராணுவத்தில், வடக்கே எல்லைப் பக்கம் இருக்கான். ஒரு ராத்திரி அவங்க போனுக்கு ஒரு வீடியோ வந்தது. இருட்டு வானத்தில் விமானம் எரிஞ்சு விழுது. அந்த அம்மா ராத்திரி முழுக்கத் தூங்கலை. மகன் போனும் எடுக்கலை. காலையில் என்னிடம் கொண்டுவந்து காட்டினாங்க. பார்த்தா அது கேம்.

அந்த நாட்களில் இப்படி நிறைய பரவின. ‘ஆர்மா 3’ என்ற கேமின் காட்சிகள் உக்ரைன் போர் என்றும் பரவியிருக்கு. அதை உருவாக்கிய செக் நாட்டு நிறுவனமான பொஹீமியா இன்டராக்டிவ், 2022 நவம்பரில் இதற்காகவே ஓர் அறிக்கை வெளியிட்டது. அதற்கு முன்பே, 2017 நவம்பரில், ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகமே ஒரு மொபைல் கேமின் காட்சியைப் போர் ஆதாரம் என்று வெளியிட்டு, பிறகு நீக்கியது. அமைச்சகமே ஏமாறும்போது எங்க தெரு அக்கா என்ன செய்வாங்க?

பொய்யைப் பரப்புறவர் பெரும்பாலும் புதுசா எதையும் உருவாக்குறதில்லை. நம்மைப் போல யாரோ ஆசையா எடுத்த வீடியோவைத்தான் வெட்டி எடுக்கிறார். பல கட்ட வீடியோவில் இது இன்னும் சுலபம். நாலில் ஒரு கட்டத்தை மட்டும் வெட்டினா, மூலையில் நீங்க போட்ட பெயரும் தலைப்பும் போயிடும். அதனால் ‘கேம் காட்சி’ என்ற எழுத்தை ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும், நடுப்பகுதியை ஒட்டி, லேசாத் தெரியும்படி போடுங்க. தலைப்பிலும் கேமின் பெயரை எழுதுங்க. இதற்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

சந்தேகமான வீடியோ உங்களுக்கு வந்தா அந்த நிறுவனம் சொன்ன அடையாளங்களைப் பாருங்க: மங்கலான படம், ஆடும் கேமரா, இருட்டு, சத்தமின்மை, நடமாடும் மனிதர்கள் இல்லாமை. இப்படி இருந்தா பகிர வேண்டாம். மத்திய அரசு தொடர்பான செய்தின்னா பிஐபி உண்மைச் சரிபார்ப்புப் பிரிவுக்கு 8799711259 என்ற வாட்ஸ்அப் எண்ணில் அனுப்பிக் கேட்கலாம்.

இன்னும் ஒண்ணு. உங்க வீடியோவுக்குப் பார்வையாளர்கள் கூடினா, பணம் கட்டி ஆடும் கேமுக்கு விளம்பரம் செய்யச் சொல்லி ஆள் வருவாங்க. 2025ஆம் ஆண்டின் ஆன்லைன் விளையாட்டுச் சட்டப்படி அந்த விளம்பரத்துக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. வேண்டாம்னு சொல்லிடுங்க.

எதிர் வீட்டு அக்காவின் மகன் மறுநாள் மத்தியானம் போன் செய்தான், நல்லா இருக்கேன்னு. அந்த ஒரு ராத்திரியை அவங்களுக்கு யாராலும் திருப்பித் தர முடியாது. உங்க வீடியோ அப்படி ஒரு ராத்திரியை யாருக்கும் கொடுக்காம பார்த்துக்கோங்க. சரி, போனை எடுங்க, முதல் பதிவைத் தொடங்கலாம்.