பாதையில சேருங்க, பாதையையே மாத்தாதீங்க

இன்னிக்கு ஒரே ஒரு வரி செஞ்ச வேலையைப் பத்திப் பேசப் போறேன். எழுதினது நான்தான்.

தஞ்சாவூர்ல படிச்சப்போ, விம் எடிட்டர்ல தமிழ்99 முறையில டைப் பண்ண ஒரு கீமேப் எழுதினேன். விம்மோடவே ஒரு தமிழ் கீமேப் வரும். ஆனா அது பழைய டிஸ்கி குறியீட்டுக்கானது. எனக்கு யூனிகோட் வேணும். அதை ஜிப் பண்ணி, விம்ஆர்சி ஃபைல்ல சேர்க்க ஒரு வரியும் எழுதி, திருவையாறு நண்பனுக்கு அனுப்பினேன். அவன் லேடெக்ஸ்ல ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடிச்சிட்டிருந்தான். மறுநாள் கொடுக்கணும். ராத்திரி பதினொரு மணிக்கு ஃபோன்: "டேய், கலர் போச்சு, இன்டென்ட் போச்சு. தமிழும் வரல!"

என்ன ஆச்சு? துணை ஃபைல்களை எங்கெங்க, எந்த வரிசையில தேடணும்னு விம் ஒரு பட்டியல் வெச்சிருக்கு. அதுதான் ரன்டைம்பாத். நம்ம ஹோம்ல இருக்கிற டாட்-விம் ஃபோல்டர் முதல்ல வரும், விம்மோட சொந்த ஃபோல்டர் பின்னாடி வரும். நான் எழுதினது "செட் ரன்டைம்பாத் ஈக்வல்", அப்புறம் என் ஃபோல்டர். வெறும் ஈக்வல் போட்டா பழைய பட்டியல் மொத்தமும் அழிஞ்சிடும். வாய்க்கால்ல ஒரு மடை வைக்கப் போய், ஆத்தையே திருப்பிவிட்ட கதை. போதாததுக்கு, அந்தப் பாதையில இருந்தது என் லேப்டாப்போட யூசர் பேர். அவன் மெஷின்ல அப்படி ஒரு இடமே கிடையாது. நான் கண்டுபிடிக்காததுக்குக் காரணம், என் கீமேப் ஏற்கெனவே டாட்-விம்முக்குள்ள இருந்துது. அந்த வரியை நான் ஓட்டியே பாக்கல.

சரி, எப்படிச் செய்யணும்? பிளஸ்-ஈக்வல் போட்டா உங்க ஃபோல்டர் பட்டியலோட கடைசியில சேரும். கேரட்-ஈக்வல் போட்டா முன்னாடி சேரும். எது வேணும்னு யோசிக்கணும். ஏன்னா கீமேப், கலர் ஸ்கீம் எல்லாம் ஒரே பேர்ல ரெண்டு இருந்தா, முதல்ல கிடைச்சதோட தேடல் நின்னுடும். தலைமடையில அடைச்சா கடைமடைக்குத் தண்ணி வராதுல்ல, அதே மாதிரி. ஆனா பிளகின் ஃபோல்டர்ல இருக்கிறதை விம் ஒண்ணு விடாம ஓட்டும். அதனால ஃபைலுக்குத் தனிப் பேரா வைங்க. ஈமேக்ஸ்லயும் லோட்-பாத்னு இதே கதைதான். எது எதை மறைக்குதுன்னு பாக்க அங்க லிஸ்ட்-லோட்-பாத்-ஷேடோஸ்னு ஒரு கமாண்டே இருக்கு.

இதைவிட நல்ல வழி, பாதையைத் தொடாம இருக்கறது. 2016-ல வந்த விம் 8-லேர்ந்து, டாட்-விம்முக்குள்ள பேக், அதுக்குள்ள உங்களுக்குப் பிடிச்ச பேர்ல ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள ஸ்டார்ட். அங்க உங்க ஃபோல்டரைப் போட்டா விம்மே சேர்த்துக்கும். விண்டோஸ்னா டாட்-விம்முக்குப் பதிலா விம்ஃபைல்ஸ்.

ஏதாவது உடைஞ்சா "வெர்போஸ் செட் ரன்டைம்பாத்", கடைசியில ஒரு கேள்விக்குறி. கடைசியா எந்த ஃபைல் அதை மாத்துச்சுன்னு சொல்லிடும்.

அன்னிக்கு அந்த வரியை அழிச்சதும் எல்லாம் திரும்பி வந்துடுச்சு. விடியறதுக்குள்ள ரிப்போர்ட்டும் முடிஞ்சுது. அப்புறம் எதை அனுப்பறதா இருந்தாலும், என் லேப்டாப்ல புதுசா ஒரு யூசர் அக்கவுண்ட் உருவாக்கி, நான் எழுதின குறிப்பை மட்டும் பாத்து முதல்ல நானே இன்ஸ்டால் பண்றேன். பத்து நிமிஷ வேலை. நீங்களும் செஞ்சு பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.